இன்சுலின் புட்டி முதல் தயிர்ச்சட்டி வரை: கொல்லிமலை வீடுகளுக்குச் சில பிளாஸ்மிட் குறிப்புகள்

சர்க்கரை நோயாளி இருக்கிற வீடானால், இன்சுலின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'ஆர்.டி.என்.ஏ. ஆரிஜின்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் மருந்து, மனித மரபணுவின் செய்தியை ஒரு பிளாஸ்மிட்டில் ஏற்றி, நுண்ணுயிருக்குள் அனுப்பித் தயாரித்தது என்பதற்கான அடையாளம் அது. பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே தனியாக, வட்டமாகக் கிடக்கும் சிறு டி.என்.ஏ.வுக்குத்தான் பிளாஸ்மிட் என்று பெயர். நமக்கு வேண்டிய மரபணுவை ஒட்டி அனுப்பப் பயன்படும்போது அதை வெக்டர் என்கிறோம். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் உள்ள வீடுகளில் மருந்துப் பெட்டி, மாட்டுக்கொட்டகை, கோழிக்கூண்டு, பூந்தொட்டி என்று பல இடத்தில் பிளாஸ்மிட் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் உறுப்புகள் நான்கைந்துதான். எந்த உறுப்பு எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் எதைச் செய்யலாம், எதை விடவேண்டும் என்பது தானே விளங்கும்.

1. பிளஸ் டூ தாவரவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றும் நான்கு நிற நூலும் எடுத்துக் கொடுங்கள். பாடத்தில் வரும் பிபிஆர்322 வெக்டரைப் படமாக மனப்பாடம் செய்வதைவிட, வளையலில் சுற்றிப் பார்த்தால் ஒரே மாலையில் பிடிபடும். சிவப்பு நூல், நகலெடுப்பு தொடங்கும் இடம். அது இல்லாவிட்டால், செல் இரண்டாகப் பிரியும்போது பிளாஸ்மிட் பெருகாமல் தொலைந்துபோகும். ஒரு செல்லில் எத்தனை நகல் இருக்கும் என்பதையும் அதே இடம்தான் முடிவு செய்கிறது: பிபிஆர்322 சாதாரணமாகப் பதினைந்து, இருபது நகலோடு நிற்கும், பின்னால் வந்த பியூசி வகைகள் சில நூறு வரை போகும். பச்சை நூல் ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணு, நீல நூல் டெட்ராசைக்ளினைத் தாங்கும் மரபணு. இவை அடையாளக் குறிகள். தட்டில் ஆம்பிசிலின் கலந்து வளர்த்தால், பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியா மட்டும் பிழைக்கும், மற்றவை சாகும்.

மஞ்சள் நூலைச் சின்னச் சின்ன முடிச்சாகப் போடச் சொல்லுங்கள். அவை வெட்டு நொதிகள் வெட்டும் இடங்கள். ஒரு நொதி வளையலை ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டவேண்டும். இரண்டு இடத்தில் வெட்டினால் துண்டு துண்டாகிவிடும். 'பாம் எச்1' என்ற நொதியின் முடிச்சு நீல நூலுக்கு நடுவில் வரவேண்டும். அங்கே வெட்டிப் புது மரபணுவை நுழைத்தால் டெட்ராசைக்ளின் மரபணு உடைந்துபோகும். ஆகவே ஆம்பிசிலினில் வாழ்ந்து, டெட்ராசைக்ளினில் செத்துப்போகும் பாக்டீரியாவில்தான் நாம் வைத்த மரபணு இருக்கிறது. தேர்வில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. 1977-ல் பொலிவரும் ராட்ரிகஸும் உருவாக்கிய இந்த வெக்டரின் மொத்த நீளம் 4,361 பேஸ் ஜோடி என்பதையும் வளையலின் உள்பக்கம் எழுதிவிடட்டும். பியூசி19 இன்னும் சிறியது, 2,686 ஜோடி. அதை ஏற்றிய பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்தால், நீல நிறக் கூட்டத்தில் இருப்பது வெறும் பிளாஸ்மிட், வெள்ளைக் கூட்டத்தில் இருப்பது மரபணு ஏறிய பிளாஸ்மிட். வெக்டர் சிறியதாக இருந்தால் செல்லுக்குள் நுழைவதும் எளிது, கையாளும்போது உடையாமலும் இருக்கும்.

2. இன்சுலினைப் 'பன்றியிலிருந்து எடுத்தது' என்று நினைத்துத் தயங்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள் என்பது உண்மை. 1978-ல் அமெரிக்காவின் ஜெனென்டெக் குழு, மனித இன்சுலினுக்கான மரபணுவைச் செயற்கையாகக் கட்டி, பிளாஸ்மிட்டில் ஒட்டி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தியது. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாவில் செய்து, பிறகு சேர்த்தார்கள். 1982-ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இங்கே முக்கியமான உறுப்பு புரமோட்டர். மரபணுவை எப்போது, எவ்வளவு படிக்கவேண்டும் என்று சொல்லும் பகுதி அது. மரபணு உள்ளே இருந்தும் புரமோட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டு இன்சுலினும் வராது. பெட்டியைக் காட்டி ஆயாவிடம் சொல்லுங்கள்: "இது மனுஷ இன்சுலின்தான் ஆயா, பாக்டீரியா செஞ்சு கொடுத்தது."

3. பிளாஸ்மிட் எவ்வளவு தாங்கும் சரக்கானாலும், அதன் வழியாக வந்த இன்சுலின் ஒரு புரதம். புரதம் சூட்டில் கெடும், உறைந்தாலும் கெடும். பிரிக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டிய தட்டு வேண்டாம். கதவுத் தட்டோ காய்கறிப் பெட்டிக்கு மேல்தட்டோ நல்லது. ஒரு தடவை உறைந்த புட்டி, பார்க்க நன்றாக இருந்தாலும் வீண்தான். பயன்பாட்டில் இருக்கும் புட்டியை வெயில் படாத அறையில் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். பொதுவாக 28 நாள் கணக்கு. உள்ளே இருக்கும் தாளில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதுவே சரி. திறந்த தேதியைப் புட்டியின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், காற்று மழையில் கரண்ட் போய்க் கிடக்கும் நாளுக்கும் இரட்டை மண்பானை உண்டு. அகலமான பானையில் மணலைப் பரப்பி நனைத்து, அதற்குள் சிறிய பானையை வைத்து, இடுக்கிலும் ஈர மணலை நிரப்புங்கள். புட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக மூடி, உள்பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் இருக்கவேண்டும். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளியுங்கள். காற்று வறண்டிருக்கும் மாதங்களில் பானை நன்றாகக் குளிரும். மழைக்காலத்தில் அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது மலையே குளிர்ந்திருக்கும்.

4. நாமக்கல்லில் மருந்து வாங்கிக்கொண்டு காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவர்கள், புட்டியைப் பஸ் டிரைவருக்கு முன்னால் கண்ணாடி ஓரத்தில் வைக்கக் கொடுக்காதீர்கள். அந்த இடம் வெயிலில் கொதிக்கும். ஐஸ்கட்டியோடு நேரடியாக ஒட்டியும் வைக்கவேண்டாம். ஈரத்துணியில் சுற்றிய சில்வர் டப்பா, மடியில் வைத்த பை போதும்.

5. சிரிஞ்சின் மூடி நிறத்தையும் புட்டியின் எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஒத்துப் பாருங்கள். 40 யூனிட் புட்டிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் கணக்கு பயங்கரமாகத் தவறும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடம்பில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை திடீரென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். மெடிக்கலில் சிரிஞ்ச் வாங்கும்போது பழைய புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

6. தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் போடாதீர்கள். கலங்கலாகவே வரும் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டுங்கள். குலுக்கவேண்டாம். உருட்டியும் அடியில் திப்பி நின்றால் அது கெட்டது.

7. பிரசவம் முடிந்த வீட்டில் மறக்கக்கூடாதது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மலைமேல் வீட்டிலேயே பிரசவமாகிவிட்டால், அன்றே நர்சம்மாவுக்குத் தகவல் சொல்லுங்கள். வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை வெக்டர் வழியாக ஈஸ்டுக்குள் ஏற்றித் தயாரிக்கும் ஊசி இது. அதில் வைரஸே இல்லை. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் இதை உள்நாட்டிலேயே செய்து விலையைக் கீழே கொண்டுவந்தது. ஈஸ்டில் வேலை செய்யும் வெக்டர்கள் பலவற்றில் ஒரு தனி வசதி உண்டு: பாக்டீரியாவில் பெருக ஒரு தொடக்க இடம், ஈஸ்டில் பெருக இன்னொன்று. முதலில் பாக்டீரியாவில் கட்டி, சரிபார்த்து, பிறகு ஈஸ்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிளாஸ்மிட்டையே ஊசியாகப் போட்ட கதையும் நம் நாட்டில்தான் நடந்தது. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் செய்த 'சைகோவ்-டி' கொரோனா தடுப்பூசிக்கு 2021 ஆகஸ்டில் அவசரகால அனுமதி கிடைத்தது. மனிதருக்கு அனுமதி பெற்ற முதல் பிளாஸ்மிட் டி.என்.ஏ. தடுப்பூசி அது. ஊசி முனை இல்லாமல் தோலுக்குள் பீய்ச்சும் கருவியால், மூன்று தவணையாகப் போட்டார்கள். இதுபோல் உடம்புக்குள் போகும் பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் குறியைத் தவிர்க்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்களே.

8. சளி, தும்மல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்புக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் குறிப்புதான். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவின் மேல் அது முழு வேகத்தில் வேலை செய்யும். முதல் குறிப்பில் பச்சை நூல் சுற்றினோமே, அந்த ஆம்பிசிலின் தாங்கும் மரபணு ஆய்வகத்தில் பிறந்ததல்ல. இயற்கையில் திரிந்த பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டிலிருந்துதான் விஞ்ஞானிகள் அதை எடுத்தார்கள். தட்டில் மருந்தைக் கலந்து 'பிளாஸ்மிட் உள்ளவை மட்டும் பிழைக்கட்டும்' என்று அவர்கள் தெரிந்து செய்கிற தேர்வை, நாம் வேண்டாத மாத்திரை போட்டு வயிற்றுக்குள் தெரியாமல் செய்கிறோம். மருந்தைத் தாங்கும் பிளாஸ்மிட் உள்ள கூட்டம் மிஞ்சும், பெருகும். பக்கத்தில் உள்ள வேறு இன பாக்டீரியாவுக்கும் அது ஒரு நகலைக் கொடுக்கும். ஆய்வக வெக்டர்களில் இப்படிக் கைமாற்றிக்கொள்ளும் பகுதியை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார்கள். காட்டுப் பிளாஸ்மிட்டில் அது இருக்கிறது.

இது தூரத்துக் கதையும் அல்ல. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்.-1 மரபணுவைப் பற்றி, 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் பெரிய ஆய்வு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் எடுத்த மாதிரிகளில், அந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான் உட்கார்ந்திருந்தது. இப்படி மருந்து தாங்கும் பாக்டீரியா பரவுவதைத் தடுக்க, 2012-ல் மருத்துவர்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள்.

9. மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த ஒரு கோட்டைக் காட்டிக் கொடுங்கள்.

10. போன மாதம் மிஞ்சிய நாலு மாத்திரையை 'அக்காவுக்கும் அதே காய்ச்சல்தானே' என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை, சொன்ன வேளைக்கு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

11. காலாவதியான ஆன்டிபயாடிக்கை ஓடையில் கொட்டக் கூடாது, கக்கூசிலும் போடக் கூடாது. மலைமேல் நாம் விடுவது ஐயாற்றில் சேரும். ஆகாய கங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும். குறைந்த அளவு மருந்து கலந்த நீர், மருந்து தாங்கும் பிளாஸ்மிட்டுக்கு நல்ல விளைநிலம். திருப்பி வாங்கும் மெடிக்கல் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால் அட்டையிலிருந்து பிரித்து, ஈரமான காப்பித்தூள் சக்கையோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பை வண்டியில் சேருங்கள். குழந்தையும் நாயும் அதைச் சீண்டாது.

12. பால் உறையவில்லையா? உறைமோரைக் குற்றம் சொல்வதற்கு முன், மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். மருந்து கலந்த பாலில் தயிர்ப் பாக்டீரியா வளராது. எத்தனை நாள் பாலை ஒதுக்கவேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது.

13. கொல்லிமலைக் குளிரில் தயிர் மெதுவாகத்தான் உறையும். பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றி, சட்டியைத் துணியால் சுற்றி, அரிசிப் பானைக்குள்ளோ அடுப்பின் ஓரத்திலோ வையுங்கள். உறைமோர் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். பழைய தயிரை வாரக்கணக்கில் போட்டுவைக்காமல், இரண்டு நாளுக்கொரு முறையாவது புதுப் பாலில் உறை ஊற்றிக்கொண்டே வருவது நல்லது. மிதமான சூட்டை விரும்பும் தயிர்ப் பாக்டீரியாவான லாக்டோகாக்கஸில், பால் சர்க்கரையை உடைக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. 1970-களில் மின்னசோட்டாவில் லாரி மெக்கே இதைக் காட்டினார். பாலே இல்லாத இடத்தில் வளர்ந்தால் அந்தப் பிளாஸ்மிட்டைச் சுமக்கத் தேவை இல்லை, சில செல்கள் தொலைத்துவிடும். பாலில் வளர்ந்துகொண்டே இருந்தால் அதை வைத்திருப்பவை ஜெயிக்கும். தேர்வு என்றால் ஆன்டிபயாடிக்கால்தான் நடக்கவேண்டும் என்றில்லை. பாலின் சர்க்கரையும் அதைச் செய்யும்.

14. வீட்டுக் கோழிகளின் தண்ணீரில், யாரோ சொன்னார்கள் என்று ஆன்டிபயாடிக் பொடி கலக்காதீர்கள். கோழி நோய்க்கு நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோலிஸ்டின் என்ற மருந்தைத் தாங்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவுவதை, 2015-ல் சீனாவில் பன்றிகளிலும் நோயாளிகளிலும் கண்டார்கள். மனிதருக்குக் கடைசி ஆயுதமாகப் பயன்படும் மருந்து அது. 2019 ஜூலையில் இந்திய அரசு, கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குக் கோலிஸ்டின் விற்பதையும் கொடுப்பதையும் தடை செய்தது. தீவன மூட்டையிலோ மருந்துச் சீட்டிலோ அந்தப் பெயரைக் கண்டால் வாங்கவேண்டாம்.

15. கறிக்கோழியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால் பாக்டீரியா அடுப்படி முழுக்கத் தெறிக்கும். பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். நன்றாகக் கொதித்த குழம்பில் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை.

16. ரோஜாச் செடியின் அடித்தண்டில், மண்ணை ஒட்டி, சொரசொரவென்று முண்டுபோல் வீங்கியிருக்கிறதா? அக்ரோபாக்டீரியத்தின் வேலையாக இருக்கலாம். கீறல் விழுந்த இடம் வழியாக வந்து, தன் டி.ஐ. பிளாஸ்மிட்டின் ஒரு துண்டைச் செடியின் குரோமோசோமிலேயே சேர்த்துவிடும். பிறகு அந்தச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். 1974-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இந்தப் பிளாஸ்மிட்டைக் கண்டார்கள். கட்டி உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு, செடிகளுக்கு மரபணு ஏற்றும் வெக்டராக மாற்றினார்கள். வீட்டில் செய்யவேண்டியது: முண்டு பெரிதானால் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அதே குழியில் உடனே வேறு ரோஜா வைக்கவேண்டாம். களை கொத்தும்போது அடித்தண்டில் கொத்து படாமல் பாருங்கள். ஒட்டுக் கட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடைத்தால் பாதி நோய் வராது.

17. கொல்லையில் பீன்ஸ் போடுகிறவர்கள் ரைசோபியம் பாக்கெட் வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள். ஆறின கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துப் பூசவேண்டாம், பாக்டீரியா செத்துப்போகும். பூ வரும் சமயம் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் உள்ள முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. பீன்ஸ் வேரில் வாழும் ரைசோபியத்தில், முடிச்சுப் போடும் மரபணுக்கள் லட்சக்கணக்கான பேஸ் ஜோடி நீளமுள்ள பெரிய பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. ஆய்வக வெக்டரைப் போல் நூறு மடங்கு.

18. 'என்சைம்' என்று போட்ட சலவைத் தூளில் பட்டுப் புடவையும் கம்பளிச் சால்வையும் ஊறவைக்காதீர்கள். ரத்தக்கறை, முட்டைக்கறையை உடைக்கும் அதே நொதி பட்டையும் கம்பளியையும் அரிக்கும், அவையும் புரதம்தான். இந்த நொதிகளில் பல, மரபணு ஏற்றிய பேசில்லஸ் பாக்டீரியாவும் பூஞ்சையும் செய்பவை. பருத்தித் துணிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிநீர் ஊற்றினால் நொதி செத்துவிடும்.

19. விடுமுறையில் பிள்ளைகளுக்கு டி.என்.ஏ.வைக் கண்ணால் காட்டலாம். பாதி மலைவாழைப்பழத்தை மசித்து, அரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, நுரை வராமல் கலக்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நன்றாகக் குளிரவைத்த சர்ஜிகல் ஸ்பிரிட்டை டம்ளர் ஓரமாக மெதுவாக ஊற்றினால், இரண்டு திரவமும் சேரும் இடத்தில் வெள்ளை நூல்போல் எழும்பும். தீக்குச்சியால் சுற்றி எடுக்கலாம். அடுப்புப் பக்கம் மட்டும் செய்யாதீர்கள், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். இதில் வருவது பெரும்பாலும் வாழையின் குரோமோசோம் டி.என்.ஏ. பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட்டைத் தனியே பிரிக்க ஆய்வகத்தில் காரத்தைச் சேர்த்து, பிறகு சட்டென்று அமிலத்தால் சரிசெய்கிறார்கள். நீண்ட குரோமோசோம் சிக்குண்டு கட்டியாகப் படிந்துவிடும். சிறிய வட்டமான பிளாஸ்மிட்டின் இரண்டு இழையும் ஒன்றோடொன்று பின்னியே இருப்பதால் உடனே சேர்ந்துகொண்டு தெளிந்த நீரில் மிஞ்சும். 1979-ல் பிர்ன்பாயிமும் டோலியும் சொன்ன முறை, இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் அதுதான் நடக்கிறது.